ஒரத்துப்பாளையத்தின் அடியில் என்ன கிடக்கிறது?

திருப்பூரின் சாயக்கழிவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. அப்படிப் பேசுகிறவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரே உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, ஊரே ஸ்தம்பித்தது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறிய பட்டறைகள் மட்டும் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. நாளொன்றுக்குப் பதின்மூன்று கோடி லிட்டர் வரை மறுசுழற்சி செய்கிறோம் என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. வரவையும் செலவையும் எழுதிவிட்டுக் கையிருப்பை எழுதாமல் எந்தப் பனியன் கம்பெனியும் மார்ச் 31-ஐத் தாண்டுவதில்லை. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் விஷயத்தில் நாம் அப்படித்தான் தாண்டியிருக்கிறோம். ஆற்றுக்குள் வருவதை நிறுத்தியதைப் பதிவு செய்தோம். அதுவரை வந்தவற்றில் எவ்வளவு ஒரத்துப்பாளையம் அணையின் அடியிலும் குளங்களின் தரையிலும் படிந்து கிடக்கிறது என்பதை எந்தப் பேரேட்டிலும் ஏற்றவில்லை.

படிதல் என்பது எளிய நிகழ்வு. ஓடும் தண்ணீர் தன் வேகத்தால் தூக்கி வந்த துகள்களை, வேகம் குறைந்ததும் கீழே விட்டுவிடுகிறது. எது எவ்வளவு விரைவில் இறங்கும் என்பது பெரும்பாலும் துகளின் அளவைப் பொறுத்தது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள நுண்மணல் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதைவிட ஐம்பது மடங்கு சிறிய களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகும் என்பதுதான் இதன் சூத்திரம். இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. கரைந்துபோன பொருள் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் படியாது. உப்பு தண்ணீரோடுதான் போகும். மற்றது, மெதுவாக இறங்கும் அந்த நுண்ணிய களிமண்ணும் மக்கிய கரிமப் பொருளும்தான் உலோகங்களையும் சாய மூலக்கூறுகளையும் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் தன்மை மிகுந்தவை. ஆக, நஞ்சு தங்குவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடம், தண்ணீர் அதிக நேரம் அசையாமல் நிற்கும் இடம். தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்குகின்றன. விவசாயி மகிழ்ந்து அள்ளும் வண்டல், சுத்திகரிப்பு நிலையக்காரர் தலைவலியாக நினைக்கும் கசடு, வேதியியல் பாடத்தின் வீழ்படிவு, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் படிவு வீதம் எல்லாம் ஒரே இயக்கத்தின் விளைவுகள். பொதுப்பணி ஆவணங்களில் இவை அனைத்தும் ‘தூர்’ என்ற ஒரே தலைப்பில் அடைக்கப்படுகின்றன. வயலுக்கு உரமாகும் படிவும் வயலைக் கெடுக்கும் படிவும் அங்கே ஒரே கன மீட்டர் கணக்கில், ஒரே டெண்டரில் வருகின்றன.

படிவதற்கும் கரைவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சரியாகப் பார்க்காததற்குத் திருப்பூர் ஏற்கெனவே ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்ற ரியாக்டிவ் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலிழைக்குத் தள்ள உப்பு வேண்டும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ வரைகூட ஆகும். இந்த உப்பில் எதுவும் துணியில் தங்குவதில்லை, முழுவதும் கழிவுநீருக்கே வருகிறது. சாயத்திலும் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் வெளியேறுகிறது. 1990-களில் கட்டப்பட்ட சுத்திகரிப்பு அமைப்புகள் இந்தக் கலவையில் சுண்ணாம்பையும் பெர்ரஸ் சல்பேட்டையும் கொட்டின. நிறம் திரண்டு அடியில் இறங்கியது, மேலே ஓரளவு தெளிந்த தண்ணீர் நின்றது. அதை ஆற்றில் விட்டார்கள். தெளிந்த அந்தத் தண்ணீரில் லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் உப்பு அப்படியே இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 2,100 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரிந்த நிறம் படிந்துவிட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதில், கண்ணுக்குத் தெரியாத உப்பு கீழ்நொய்யல் கிணறுகள் வரை போனது. நிறத்தை இறக்குவதற்காகச் செலவழித்த பணம் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைய தொழில்நுட்பம் தீர்த்தது பார்வைக்கு உறுத்திய பிரச்சினையை மட்டுமே. விவசாயியைக் கொன்ற பிரச்சினை அதைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தின் நொய்யல் கிராமத்தில் காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. அதில் மழைக்காலத்தில் மட்டும் வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து ஈரோடு, கரூர் பகுதிப் பாசனத்துக்குக் கொடுப்பது அணையின் நோக்கம். கட்டி முடித்த காலமும் திருப்பூரின் ஏற்றுமதி பெருகிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மழை இல்லாத மாதங்களில் நொய்யலில் வந்த தண்ணீரில் பெரும்பங்கு சாயத்தண்ணியும் ஊர்ச் சாக்கடையும்தான். அணை தன் வேலையைச் சரியாகவே செய்தது: வந்ததைத் தடுத்து நிறுத்தி, அசையாமல் வைத்தது. பொறியியல் மொழியில் சொன்னால், திருப்பூரின் சாயப்பட்டறைகள் தம் செலவில் கட்டியிருக்க வேண்டிய மாபெரும் படிவுத் தொட்டியை அரசு மக்கள் பணத்தில், விவசாயிகளின் பெயரால் கட்டிக் கொடுத்தது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. அணை கேட்டுப் போராடிய ஆயக்கட்டுக்காரர்களே பின்னாளில் இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கோரிக்கை வைத்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஓர் அணைக்கு அதன் பாசனதாரர்களிடமிருந்தே அப்படி ஒரு கோரிக்கை வந்தது தமிழக நீர்ப்பாசன வரலாற்றில் அபூர்வம்.

சட்டத்தின் பதில் எப்படி இருந்தது என்று பார்த்தால், அதுவும் தண்ணீரையே முதன்மையாக அளந்தது தெரியும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே உருவானது சூழல் இழப்பு ஆணையம். நொய்யல் படுகையில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீட்டை அது நிர்ணயித்தது. தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட ஆகாத தொகை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம், பூஜ்ய வெளியேற்றத்துக்கு 2007 ஜூலை வரை கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 8, 10 என்று அபராதத்தை ஏற்றியது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அணையைத் தூய்மைப்படுத்தும் செலவையும் பட்டறைகளே ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. அடியில் கிடப்பதை நீதிபதிகள் கவனிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. என்றாலும், அபராதத்தின் அலகு லிட்டர். கண்காணிப்பின் அலகு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம். அணையைத் தூய்மை செய்தல் என்பதும் நடைமுறையில் தேங்கிய நீரைத் தவணை தவணையாகத் திறந்துவிடுவது என்றே முதலில் பொருள்பட்டது. அடிமண்ணில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு தாமிரம், எவ்வளவு குரோமியம், எவ்வளவு சோடியம் என்பது எந்த மாதாந்திர அறிக்கையிலும் இடம்பெறும் கேள்வியாக ஆகவில்லை. இந்திய விதிகளிலும் குடிநீருக்கும் வெளியேறும் கழிவுநீருக்கும் எண்கள் உண்டு. ஆற்றின் அடிப்படிவை வைத்து மதிப்பிட, ஆய்வாளர்கள் கனடா, அமெரிக்க வரம்புகளைத்தான் எடுத்தாள்கிறார்கள்.

பூஜ்ய வெளியேற்ற முறையை இங்கே குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலையே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை நிரூபிக்கப்பட்டது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரு தொழில் தொகுப்பே தன் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தக் கற்றது. ஆனால் தண்ணீர் வெளியே போகாவிட்டால், அதிலிருந்த மற்றவை எங்கேயாவது திடமாகச் சேர்ந்துதான் ஆக வேண்டும். சுத்திகரிப்பின் முதல் கட்டத்தில் ரசாயனக் கசடு, கடைசிக் கட்டத்தில் ஆவியாக்கியிலிருந்து வரும், பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு என்று இரண்டு குவியல்கள் சேர்கின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இத்தகைய கசடைச் சாதாரணமாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. நடைமுறையில் அது கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக ஆண்டுக்கணக்கில் தேங்கியிருந்தது ஊரறிந்த சங்கதி. சுண்ணாம்புச் சத்து இருப்பதால் சிமெண்ட் ஆலைகள் அதை எடுத்துக்கொள்கின்றன, ஆனால் குளோரைடு கூடினால் சூளைக்குக் கேடு என்பதால் அளந்துதான் எடுக்கின்றன. அதாவது ஒரத்துப்பாளையத்தின் அடியில் படிந்திருக்க வேண்டியது இப்போது கூரைக்குக் கீழ் படிகிறது. இது பெரிய முன்னேற்றம்தான், ஏனெனில் கூரைக்குக் கீழ் இருப்பதை எடைபோட முடியும். எடைபோட முடிவதால்தான் இதை உதாரணமாகச் சொல்கிறேன்: பழைய படிவுக்கும் இதே போன்ற எடைச் சீட்டு வேண்டும்.

இது ஏன் இப்போது அவசரம் என்றால், படிவு இருந்த இடத்தில் இருக்கப்போவதில்லை. தமிழகம் பத்தாண்டுகளாகத் தூர்வாரும் மாநிலமாக இருக்கிறது. 2017-ல் குடிமராமத்து மீண்டும் வந்தது. அதே ஆண்டு மே மாதம், 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் வண்டலை முதல்முறையாக விவசாயிகள் அள்ள அனுமதிக்கப்பட்டது. 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம், நூறு குளங்களில் தொண்ணூற்று சொச்சத்துக்கு எந்த ஆட்சேபமும் சொல்ல மாட்டேன். ஆனால் 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் நிலம் முழுவதும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனத்தில் ஒரு புதிய மேல்மண் வந்துவிடும். அந்த மண் சாயக்கழிவு ஓடிய வாய்க்காலின் குளத்திலிருந்து வந்தால் என்ன ஆகும்? டர்க்காய்ஸ் நீலம் போன்ற சில சாயங்களின் மூலக்கூறிலேயே தாமிரம் இருக்கிறது. மேட்டூரின் வண்டலுக்கும் நொய்யலின் கீழ்ப்பகுதிக் குளங்களின் படிவுக்கும் ஒரே அனுமதிப் படிவம் போதும் என்றிருப்பது நிர்வாகத்துக்கு வசதி, மண்ணுக்கு வசதியல்ல. இதே கேள்வி திருப்பூருக்கு அருகே நல்லாற்றின் தண்ணீரை நம்பியுள்ள நஞ்சராயன் குளத்துக்கும் பொருந்தும். 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட குளம் அது. அங்கே வலசை வரும் உள்ளான்கள் இரை தேடுவது தண்ணீரின் மேற்பரப்பில் இல்லை, அலகை நுழைத்துச் சேற்றுக்குள். ஒரு சரணாலயத்தின் நலத்தை அதன் நீர் மாதிரியை மட்டும் வைத்து அளப்பது, அங்கே வரும் பறவைகளில் பாதியின் சாப்பாட்டைப் பார்க்காமலே விடுவதாகும்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது. வெளியேற்றம் நின்று இத்தனை ஆண்டு ஆயிற்று, இடையில் நல்ல மழைகள் பெய்தன, வெள்ளம் வந்தது, அணையின் மதகுகள் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன, கரைய வேண்டியது கரைந்துபோயிருக்கும் என்கிறார்கள். உப்பின் ஒரு பகுதிக்கு இது பொருந்தும். படிவுக்குப் பொருந்தாது, அதைவிடக் கவலை தரும் ஒரு விஷயமும் இதில் உண்டு. சாயக்கழிவின் உப்பு சோடிய உப்பு. சோடியம் களிமண் துகளின் மேல் ஏறி, அங்கிருந்த கால்சியத்தை வெளியேற்றி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் உப்பு மிகுந்திருக்கும்வரை களிமண் திரண்டே நிற்கும், சேதம் வெளியே தெரியாது. நல்ல மழைநீர் வந்து கரைந்த உப்பைக் கழுவிய பிறகுதான், சோடியம் ஏறிய களிமண் நுண்துகளாகச் சிதறி, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. பெய்த மழை இறங்காமல் நிற்கும். காய்ந்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். உப்பளவைக் காட்டும் மானியில் எண் குறைந்திருக்கும், நிலமோ முன்னைவிட மோசமாகியிருக்கும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கொடுத்து, கால்சியத்தை மீண்டும் ஏற்றினால்தான் அது திருந்தும். ஆகவே மழை கழுவிவிட்டது என்ற வாதம், எதைக் கழுவியது, எதை விட்டுவைத்தது என்று பிரித்துக் காட்டாதவரை வாதமே ஆகாது.

இரண்டாவது மறுப்பில் நியாயம் அதிகம். நொய்யலில் இன்று ஓடுவது சாயத்தைவிட ஊர்ச் சாக்கடை; கோவையிலிருந்தே கழிவுநீர் கலந்து வருகிறது; அடியில் இருப்பதற்கெல்லாம் சாயப்பட்டறைகளை மட்டும் குற்றவாளியாக்குவது எப்படிச் சரியாகும் என்று தொழில்துறையினர் கேட்கிறார்கள். சரியான கேள்வி, அதற்குப் பதில் படிவுக்குள்ளேயே இருக்கிறது. கீழே கிடக்கும் அடுக்கு முந்தையது, மேலே கிடப்பது பிந்தையது என்ற விதியை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-ல் எழுதிவைத்தார். புவியியல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரத்துப்பாளையத்தின் அடி 1992-ல் தொடங்குகிறது. குழாயை இறக்கி, மண்ணைக் கலையாமல் தூண்போல் உருவி எடுத்தால், அடியில் அணைக்கு முந்தைய மண், அதன்மேல் தொண்ணூறுகள், அதன்மேல் 2000-களின் ஏற்றுமதிப் பெருக்கம், 2011-க்குப் பிந்தைய மேலடுக்கு என்று வரிசையாகக் கிடைக்க வாய்ப்புண்டு. வெள்ளமும் மதகுத் திறப்பும் சில இடங்களில் அடுக்கைக் கலைத்திருக்கும்; அதனால்தான் ஓரிடத்தில் எடுத்தால் போதாது, பல இடங்களில் எடுக்க வேண்டும். மேலடுக்கில் தாமிரமும் சோடியமும் குறைந்திருந்தால் பூஜ்ய வெளியேற்றம் உண்மையாகவே நடந்திருக்கிறது என்பதற்குத் தொழில்துறைக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. குறையாமல் இருந்தால் அதையும் அனைவரும் அறிந்துகொள்வோம். இரவில் மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் ஆண்டுதோறும் எழுகிறது, ஆண்டுதோறும் மறுக்கப்படுகிறது. ஆற்றுத் தண்ணீர் மறுநாள் காலை மாறிவிடும். படிவு அப்படி மாறாது.

மூன்றாவது மறுப்பு விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. கிடப்பது கிடக்கட்டும், கிளறினால்தான் ஆபத்து என்கிறார்கள். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் இதே விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அந்த ஆற்றில் பி.சி.பி. ரசாயனத்தை விட்டது 1977-ல் நின்றது. அடிமண்ணைத் தோண்டி எடுக்கும் வேலை 2009-ல்தான் தொடங்கி 2015 வரை நடந்தது. புதிய வண்டல் மேலே மூடிக்கொள்ளும், விட்டுவிடுங்கள் என்பது நிறுவனத்தரப்பு வாதம். மூடிக்கொள்ளவில்லை, மீன்களில் நஞ்சு தொடர்ந்து வந்தது என்பதே தோண்டுவதற்குக் காரணமாயிற்று. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை உறிஞ்சியெடுத்து, ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, ஐம்பத்தெட்டு ஹெக்டேர் புதிய நிலமாக்கவே 1977 முதல் 1990 வரை ஆனது. நொய்யலின் படிவைப் பாதரசத்தோடும் பி.சி.பி.யோடும் ஒப்பிட்டு யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை; நச்சின் வகையும் அளவும் வேறு. அங்கே முடிவெடுத்த விதம்தான் இங்கே தேவை: முதலில் அளந்தார்கள், பிறகு இங்கே தோண்டு, அங்கே மூடு, மற்ற இடத்தில் விடு என்று பிரித்தார்கள். கிளறக் கூடாது என்பது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அளக்காமல் விடுவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. அளக்காமல் விட்டுக்கொண்டே தூர்வாரும் டெண்டரையும் விடுவது எந்த வாதத்திலும் அடங்காது. விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹட்சன்வரை போகவே வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு ஒரு தலைமுறையாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. ஆலை மூடினால் கழிவும் மூடிவிடும் என்ற எண்ணம் அங்கே எவ்வளவு செலவு வைத்தது என்பது மாநில அரசுக்கே தெரியும்.

செலவு என்று வந்தவுடன் திருப்பூரில் குரல் உயரும், உயர்வது நியாயம். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்ற எண்ணைக் கேட்டுச் சாயப்பட்டறைக்காரர் கோடீஸ்வரர் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தொழில் தெரியாது. அவர் பெரும்பாலும் ஜாப் ஒர்க் செய்பவர். துணி ஏற்றுமதியாளருடையது, நிறத்தை முடிவு செய்வது ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் வாங்குபவர், இவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூலி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது அந்தக் கூலியைத்தான் முதலில் குறைக்கச் சொன்னார்கள். பூஜ்ய வெளியேற்றத்தின் செலவை வங்கதேசத்துப் போட்டியாளர் சுமக்காதபோது இவர் சுமந்துகொண்டிருக்கிறார். இதோடு பழைய பாவத்தின் கணக்கையும் இன்று இயங்கும் பட்டறைகளின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. 2011-க்குப் பிறகு மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு, புதிதாக வந்தவர்களும் உண்டு. என் கருத்தில், தொண்ணூறுகளில் உரிமம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அரசும், சாயத்தொட்டியைத் தொடாமலே லாபத்தில் பெரும்பங்கு எடுத்த ஏற்றுமதியாளர்களும், விலையை அழுத்தி வாங்கிய வெளிநாட்டு நிறுவனங்களும் பட்டறைகளோடு சேர்ந்து இதை ஏற்க வேண்டும். தம் ஆடைகளில் ‘நீடித்த வளர்ச்சி’ அட்டை தொங்கவிடும் நிறுவனங்களுக்கு நொய்யலின் அடிமண்ணை அளக்கக் கொடுக்கும் பணம் விளம்பரச் செலவில் ஒரு துளி. அளப்பதற்கு ஆகும் செலவு வேறு, அகற்றுவதற்கு ஆகும் செலவு வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே கேட்பது முதலாவதை. அது ஒரு குளத்துக்கான தூர்வாரும் தொகையில் சிறு பகுதிக்கு மேல் போகாது.

விவசாயிகள் தரப்பிலிருந்தும் ஒரு தயக்கம் வரலாம். மண்ணில் நஞ்சு என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டால் நிலத்தின் விலை விழும், தேங்காயும் மஞ்சளும் வாங்க ஆள் வரமாட்டார்கள். கீழ்நொய்யலில் ஏற்கெனவே ஒருமுறை அந்த அவப்பெயரைச் சுமந்தவர்கள் அவர்கள். இந்த அச்சத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் இப்போதைய நிலையில் அவப்பெயர் எல்லா நிலத்துக்கும் பொதுவாக ஒட்டியிருக்கிறது. சுத்தமான நிலம் வைத்திருப்பவரிடமும் அதை நிரூபிக்கத் தாள் இல்லை. குளம் குளமாக, ஆழம் ஆழமாக முடிவு வந்தால் பெரும்பாலான இடங்கள் விடுவிக்கப்படும் என்றே எதிர்பார்க்கலாம். கெட்டதாகத் தெரியும் இடங்களுக்கு இழப்பீடு கேட்க அப்போதுதான் கையில் ஆதாரம் இருக்கும். தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக முடிந்த அந்தப் பழைய நிர்ணயத்தின்போது இல்லாமல்போன ஆதாரம் அது.

சட்டத்தில் வழி இல்லை என்றும் இனிமேல் சொல்ல முடியாது. மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு, ஆராய்ந்து, சீர்செய்வதற்கான விதிகளை 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அமைப்பு. ஒரத்துப்பாளையம் அணைப் படுகையையும், சாயக்கழிவு பாய்ந்த குளங்களையும் அந்தப் பட்டியலுக்குப் பரிசீலிக்கும்படி திருப்பூர், ஈரோடு, கரூர் ஆட்சியர்கள் அனுப்பினால் போதும். புதிய சட்டமோ புதிய ஆணையமோ தேவையில்லை. அதுவரை, அந்தக் குளங்களில் வண்டல் எடுக்கும் அனுமதி விண்ணப்பத்தோடு மண் பரிசோதனை முடிவு ஒன்றையும் கட்டாயமாக்கலாம். அந்தச் சோதனைக்கான பணத்தை விவசாயியிடம் கேட்கக் கூடாது, தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும். முடிவை வாரியத்தின் கோப்பில் வைத்துப் பூட்டாமல், எந்தக் குளம், எந்த ஆழம், எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டினால் வேலை முடிந்தது. தூர்வாருவது கோடையில், குளம் வற்றிய பிறகு நடக்கிறது. மாதிரி எடுத்து ஆய்வகத்திலிருந்து முடிவு வர சில வாரங்கள் ஆகும். ஜனவரியில் தொடங்கினால், ஏப்ரலில் பொக்லைன் இறங்கும்போது எந்த லாரி வயலுக்குப் போகலாம், எது போகக் கூடாது என்பது வட்டாட்சியருக்குத் தெரிந்திருக்கும்.